டெல்டாவுக்கென்று தனியாக ஒரு ஃபேஸ்புக் கட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. மன்னார்குடிப் பக்கம் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து டெல்டா விவசாயிகளுக்காக ஒரு ஃபேஸ்புக் குழு நடத்துகிறீர்கள். 18,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் அதைச் சொந்தச் செயலியாக மாற்ற வேண்டும். எந்தத் தொழில்நுட்பத்தில் கட்டுவது, விளம்பரத்தில் மாதம் எவ்வளவு தேறும், மூவரில் யார் சிடிஓ, அதாவது தொழில்நுட்பத் தலைவர்? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் அடியில், நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த 18,000 பேர் நாம் கூப்பிட்டால் வருவார்களா? அது தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. நான் சென்னையிலும் பெங்களூரிலும் நீண்ட காலம் செயலி வடிவமைப்பில் இருந்துவிட்டு, இப்போது தஞ்சாவூரிலிருந்தே அந்த வேலையைப் பார்ப்பவன். விவசாயக் குடும்பம்தான், ஆனால் விவசாயம் எனக்குத் தொழில் இல்லை. வயல் சம்பந்தமாக நான் சொல்வதை மட்டும் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரமாட்டார்கள். மனசு கஷ்டப்படும் என்று தெரிந்தும் இதை உறுதியாகச் சொல்கிறேன். கூகுள் 2011இல் கூகுள் பிளஸ் கொண்டுவந்தது. ஜிமெயில், யூடியூப், ஆண்ட்ராய்டு எல்லாம் கையில் வைத்திருந்த நிறுவனம் அது. யூடியூபில் ஒரு கருத்து எழுத வேண்டுமானால்கூட கூகுள் பிளஸ் கணக்கு வேண்டும் என்ற அளவுக்கு நெருக்கிப் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான சேவையை மூடிவிட்டார்கள். நம் நாட்டில் கூ செயலி 2020இல் வந்தது. இந்திய மொழிகளில் ட்விட்டர் போல ஒன்று, தமிழும் உண்டு, பெரிய முதலீட்டாளர்களின் பணமும் உண்டு. 2024 ஜூலையில் நின்றுவிட்டது. ஸோஹோவின் அரட்டை 2021இலிருந்தே இருக்கிறது, 2025 செப்டம்பரில்தான் திடீரென்று செயலிக் கடைகளில் முதலிடத்துக்கு ஏறியது. உங்கள் போனிலும் இறக்கியிருப்பீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத் தகவல் இப்போது எதில் வருகிறது என்று பாருங்கள். ஒரு மனிதர் தனியாக இடம் மாற முடியாது, அவர் பேச வேண்டியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து மாற வேண்டும். பழைய இடமும் ஓசி, புதிய இடமும் ஓசி என்றால் மாறுவதற்குக் காரணமே இல்லை.

அதற்காக உங்கள் பயம் தப்பு என்று சொல்லவில்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் முகப்புப் பக்கத்தில் உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுப்பதாக அறிவித்தபோது, அதையே நம்பியிருந்த எத்தனையோ பக்கங்களுக்கு வாசகர் வரத்து படுத்துவிட்டது. யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. குத்தகை நிலத்தில் சொந்தக் காசில் போர்வெல் போடுகிற மாதிரிதான் அங்கே குழு வளர்ப்பது. அதனால் வெளியே வர நினைப்பது நியாயம். குழுவை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது என்பதுதான் நான் சொல்வது. குழுவால் செய்ய முடியாத ஒரே ஒரு காரியத்தை எடுத்து வெளியே கட்டலாம். இன்ஸ்டாகிராம் வந்த வழியும் அதுதான். கெவின் சிஸ்ட்ரோமும் மைக் க்ரீகரும் முதலில் பர்ப்ன் என்று ஒரு செயலி செய்தார்கள். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்வது, எங்கே போகப் போகிறோம் என்று சொல்வது, படம் போடுவது, எல்லாம் அதில் இருந்தது. ஜனங்கள் படம் போடுவதை மட்டும்தான் விரும்பினார்கள். மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராமாக வெளியிட்டார்கள். 2012இல் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 13 பேர்.

உங்கள் குழுவில் அந்த ஒரு காரியம் எது? என் கணிப்பில் அறுவடை மிஷின். தை மாதத்தில் டெல்டாவின் எந்த விவசாயக் குழுவைத் திறந்தாலும் இது மாதிரி ஒரு பதிவு இருக்கும்: "வடுவூர் பக்கம் பெல்ட் மிஷின் கிடைக்குமா, 9 மா, நாளைக்கு வேணும்." 9 மா என்றால் ஏறக்குறைய 3 ஏக்கர். கீழே ஒருவர் "ரேட் என்ன" என்கிறார். ஒருவர் "இன்பாக்ஸ் வாங்க" என்கிறார். ஒருவர் ஒரு நம்பர் போடுகிறார், அந்த மிஷின் திருத்துறைப்பூண்டியில் நிற்கிறது. மத்தியானத்துக்குள் இன்னும் நாற்பது பதிவு வந்து இதை அடியில் தள்ளிவிடும். மூன்றாம் நாள், வயலை அறுத்து நெல்லை அரசின் நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டின பிறகும், "இன்னும் வேணுமா அண்ணே" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். மழை வந்து, நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டால் அந்த ஒரு நாள் தாமதத்தின் விலை என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மிஷின் தேவை. சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வந்த மிஷின்காரருக்கோ நாலு ஊர் தள்ளி யார் காத்திருக்கிறார் என்று தெரியாது.

இதை இன்றைக்கு நடத்தி வைப்பவர்கள் மிஷின் புரோக்கர்கள். அவர்களை விரட்டிவிட்டு அந்த இடத்தில் செயலியை உட்கார வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் நீடாமங்கலத்தில் ஒருவருடன் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு போன், ஒரு நீள நோட்டு. நோட்டில் பேர், ஊர், எத்தனை மா என்று எழுதுகிறார். அடுத்து வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு குறி, ஏனென்றால் சேற்றில் டயர் மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் அனுப்ப வேண்டும். அடுத்து பயிர் நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா. சாய்ந்த பயிரை அறுக்க நேரம் பிடிக்கும், வாடகை மணிக்கணக்கு. கடைசியாக அவர் போனில் ஒரு கேள்வி கேட்டார்: "வண்டி எந்த வழியா இறங்கும்? பக்கத்து வயக்காரர் அறுத்துட்டாரா?" பக்கத்து வயல் அறுக்காமல் நின்றால் உள்வயலுக்கு மிஷின் போகப் பாதை இல்லை. அந்தக் கேள்விக்கான கட்டம் எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை. தமிழக அரசின் உழவன் செயலி 2018 முதல் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்குக் கேட்க இ-வாடகை செயலி இருக்கிறது. அவை பயனுள்ளவை, அவற்றோடு போட்டி போடாதீர்கள். இன்றைக்கு, இந்த வாய்க்கால் கரையில், யார் மிஷின் சும்மா நிற்கிறது என்பதைச் சொல்ல மட்டும் ஆள் தேவை.

வடிவமைப்பு இங்கிருந்துதான் பிறக்க வேண்டும். ஒரு கோரிக்கை போட்டால் அது தானாக 48 மணி நேரத்தில் காலாவதியாக வேண்டும். குழுவில் இல்லாத முதல் வசதி அதுதான். திரையில் பெரிய பொத்தான் ஒன்றே ஒன்று, அது போன் அடிக்கிற பொத்தான். அளவைக் கேட்கும் இடத்தில் ஏக்கர் என்று மட்டும் வைத்தால் நம் ஆள் தடுமாறுவார். 3 மா ஒரு ஏக்கருக்குக் கிட்ட, 20 மா ஒரு வேலி என்ற கணக்கை உள்ளே வைத்துக்கொண்டு அவர் வாயில் வருகிற அளவையே வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை அடிக்கச் சொல்லாதீர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது திருத்துறைப்பூண்டியை ஆளுக்கு ஒரு விதமாக அடிப்பார்கள், பிறகு தேடினால் பாதி கிடைக்காது. ஒன்றியம், அதன் கீழ் ஊராட்சி என்று தொட்டுத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கிற சிக்கலும் அதோடு தீரும். விவரம் சொல்ல விரும்புகிறவருக்குக் குரல் பதிவு போதும்.

எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் செய்கிற தமிழ்ச் செயலிகளிலேயே இது கெட்டுக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் தமிழை ஊற்றுகிறார்கள். தமிழ்ச் சொல் நீளமானது, பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் மூன்று புள்ளி விழுந்து நிற்கும். வரி இடைவெளி ஆங்கிலத்துக்குப் போதுமானபடி இருந்தால் மேலே வருகிற இகர வளைவும் புள்ளியும், கீழே இறங்குகிற உகர வளைவும் வெட்டுப்படும். "கு" எது "கூ" எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பலர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அந்த அமைப்பில் உங்கள் திரை என்ன ஆகிறது என்று முதல் நாளே பாருங்கள். உங்கள் புதுப் போனில் பார்க்காதீர்கள், அப்பாவின் போனில் பாருங்கள், வெயிலில் வரப்பில் நின்று பாருங்கள். தமிழிலேயே வரைந்தால் இவையெல்லாம் தொடக்கத்திலேயே கண்ணில் படும்.

சரி, எந்தத் தொழில்நுட்பம்? உங்களுக்கு ஏற்கெனவே எது தெரியுமோ அது. மூன்று பேர் அளவில் இந்த முடிவுக்கு இதைவிடப் பெரிய முக்கியத்துவம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், முதல் பருவத்துக்குச் செயலியே வேண்டாம். ஒரு புது சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ், ஒரு கூகுள் ஷீட். கோரிக்கை வந்தால் நீங்களே கையால் பதிந்து, நீங்களே மிஷின்காரருக்குப் போன் போட்டு இணைத்து வையுங்கள். நோட்டில் என்னென்ன கட்டம் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். முழு டெல்டாவையும் எடுக்காதீர்கள், ஒரே ஒன்றியத்தை எடுங்கள். ஃபேஸ்புக்கே 2004இல் ஹார்வர்ட் என்ற ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தொடங்கி, கல்லூரி கல்லூரியாகப் போய், 2006 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் திறந்தது. ஒரு ஒன்றியத்தில் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மிஷின் கிடைத்தால் அந்தப் பேச்சு டீக்கடைக்குப் போகும். எட்டு மாவட்டத்தில் ஆங்காங்கே பத்து பேருக்குக் கிடைத்தால் யாருக்கும் தெரியாது. அப்புறம் செயலி தேவைப்பட்டால் பிளே ஸ்டோரில் ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருக்கிறது. அறுவடைக்கு முந்தின வாரத்தில் போய் நின்றால் அந்தப் பருவம் போய்விடும். உரையாடல் வசதியை மட்டும் சொந்தமாகக் கட்டவே கட்டாதீர்கள், அந்த வேலையை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும்.

இனி பணம். மெட்டாவின் 2023 வருமானம் ஏறக்குறைய 13,500 கோடி டாலர், அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரம். இதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆசை வருகிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தினம் 1,000 பேர் திறக்கிறார்கள், ஆளுக்கு 5 விளம்பரம் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மாதம் 1,50,000 காட்சி. ஆயிரம் காட்சிக்கு 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மாதம் 3,000 ரூபாய். விலையை மூன்று மடங்கு ஆக்கினாலும் ஒருவர் சம்பளம் வராது. விளம்பரம் என்பது கோடிக்கணக்கில் ஆள் வைத்திருப்பவர்களின் தொழில்.

வருமானத்தைவிட எனக்கு இதில் கவலை தருவது வேறு. பணம் கொடுப்பவர் யாரோ அவருக்கேற்பத்தான் நாளடைவில் திரை மாறும். வாட்ஸ்அப்பை ஜான் கூமும் பிரையன் ஆக்டனும் விளம்பரமே கூடாது என்று சொல்லி ஆரம்பித்தார்கள், வருஷத்துக்கு 1 டாலர் என்று வைத்திருந்தார்கள். 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள், வேலை பார்த்தவர்கள் 55 பேர். 2016இல் அந்த 1 டாலர் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 2017இல் ஆக்டனும் 2018இல் கூமும் வெளியேறினார்கள். 2025 ஜூனில் அதன் அப்டேட்ஸ் பக்கத்தில் விளம்பரம் வரும் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. இதை உங்கள் குழுவில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பயிரைப் படம் எடுத்துப் போட்டு "இது புகையான் பூச்சியா?" என்று கேட்கிறார். பக்கத்தில் பூச்சிமருந்துக் கடையின் விளம்பரம். நாளைக்கு அந்தக் கடைதான் உங்கள் சம்பளம் என்றால், "மருந்து வேண்டாம், தண்ணியை வடியவிட்டாலே போதும்" என்று அனுபவசாலி ஒருவர் எழுதிய பதிலை மேலே வைப்பீர்களா? இப்போது வைப்பீர்கள் என்று நம்புகிறேன். பணம் கைக்கு வந்த பிறகு அது கடினம்.

ஆகவே மிஷின்காரரிடம் வாங்குங்கள், விவசாயியிடம் வேண்டாம். பருவத்துக்கு ஒரு தொகை, எல்லோருக்கும் ஒரே தொகை. அதிகம் கொடுப்பவரை மேலே காட்டுகிற வழக்கம் மட்டும் வேண்டாம், அது வந்த நாளில் விவசாயியின் நம்பிக்கை போய்விடும். மிஷின்காரர் கொடுப்பாரா என்பது எனக்கு நிச்சயமில்லாத இடம். மிஷின் சும்மா நிற்கிற நாளில் அவருக்கு உண்மையான நஷ்டம் இருக்கிறது, அதனால் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு தடவை நம்பர் கிடைத்துவிட்டால் அடுத்த வருஷம் நேராகவே பேசிக்கொள்வார்கள் என்ற ஆபத்தும் சம அளவில் இருக்கிறது. இதை யோசித்துத் தீர்க்க முடியாது, ஒரு பருவம் காசு கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். புரோக்கர்களையே உங்கள் முதல் வாடிக்கையாளர்களாக வைத்து அந்த நோட்டைப் போனுக்குக் கொண்டுவரலாமா என்பதையும் பாருங்கள். எனக்கு அந்த வழியில்தான் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல்.

யார் சிடிஓ என்று கேட்டீர்கள். மூவரில் நன்றாக நிரல் எழுதுபவர் என்று நினைத்திருப்பீர்கள். எதைக் கட்ட வேண்டாம் என்று சொல்லத் துணிவு உள்ளவருக்குக் கொடுங்கள். எதை அளப்பது என்று முடிவு செய்வதும் அவர் வேலை. ஜனங்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று அளந்தால், உங்களை அறியாமலேயே முடிவில்லாமல் உருட்டுகிற பக்கம் ஒன்றைக் கட்டிவிடுவீர்கள். கேட்ட நேரத்திலிருந்து மிஷின் வயலில் இறங்க எத்தனை மணி நேரம் ஆனது என்று அளந்தால் வேறொரு பொருள் வரும். 2018இல் குழந்தை கடத்தல் வதந்திகளால் நாட்டில் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. தன் பயன்பாட்டைத் தானே குறைத்துக்கொள்கிற முடிவு அது. மேட்டூர் தண்ணீர் பற்றியும், சாதிச் சண்டை பற்றியும் உங்கள் குழுவில் எப்படிப்பட்ட பதிவுகள் வரும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி 11 மணிக்கு அதை யார் எடுப்பது என்ற கேள்வியும் தொழில்நுட்பத் தலைமையில்தான் அடங்கும். கஜா புயலின்போது 2018 நவம்பரில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் கிடந்ததையும் மறக்காதீர்கள். இணையம் இல்லாவிட்டாலும் சாதாரண போனில் அடிக்க ஒரு நம்பர் இருக்க வேண்டும்.

தரவு விஷயத்தில் குழுவில் இருப்பவர்களின் நம்பர்களை எடுத்துச் செயலியில் ஏற்றாதீர்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது. சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எதையும் கேட்காதீர்கள், மிஷின் அனுப்ப அவை தேவையே இல்லை. பதிவுகளை நீங்களே வெளியிடும் தளமாக மாறினால் குறைதீர்ப்பு அலுவலர் போன்ற கடமைகளும் வரும். நான் வழக்கறிஞர் இல்லை, அந்த இடத்தில் முறையாக ஒருவரிடம் கேளுங்கள்.

செயலியின் முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் மூவரும் உட்கார்ந்து பங்கு ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். ஒருவர் துபாய்க்கோ பெங்களூருக்கோ வேலை கிடைத்துப் போனால் அவர் பங்கு என்ன ஆகும் என்பது அதில் இருக்க வேண்டும். நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேர்வதுதான் வழக்கமான முறை. ஃபேஸ்புக் குழுவின் அட்மின் பொறுப்பு, அந்த சிம், இணையதளப் பெயர், பிளே ஸ்டோர் கணக்கு எல்லாம் ஒருவர் கையிலேயே இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள், இருந்தால் இன்னொருவரையும் சேருங்கள். குறுவை அறுவடையை சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், சம்பாவைவிடப் பரப்பு குறைவு, நெருக்கடியும் குறைவு. அது முடிந்ததும் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை வயலில் மிஷின் இறங்கியது, எத்தனை மணி நேரம் ஆனது என்று இங்கேயே எழுதுங்கள். தைக்கு முன்னால் அந்தக் கணக்கை வைத்துத் திரைகளை வரைய நானும் உட்காருகிறேன்.